இந்தோனேசியா போகிறீர்களா? முதலில் ‘அண்ணே’, ‘அக்கா’ சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்

ஜோக்ஜகார்த்தாவில் நல்ல மத்தியான வெயிலில் ஒரு தள்ளுவண்டிக்கு முன்னால் நின்று, நான்கு நாளாக மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தைத் தைரியமாக எடுத்துவிட்டேன்: “எஸ் கெப்பாலா மூடா, சத்து.” வண்டிக்கார அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், பக்கத்து வண்டிக்காரரைக் கூப்பிட்டார், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் அந்த மனிதர் தன் தலையைத் தொட்டுக் காட்டி ‘கெப்பாலா’ என்றார், இளநீரைக் காட்டி ‘கெலாப்பா’ என்றார். நான் கேட்டது ஐஸ் போட்ட இளம் தலை ஒன்று.

சரியாக மூன்று முறை சொன்ன பிறகுதான் இளநீர் கைக்கு வந்தது. கூடவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் வந்தது. எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், அம்மா யாருடன் இருக்கிறார்கள் என்று அரை மணி நேர விசாரணை. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது, எனக்கு அவர் மொழியில் அறுபது எழுபது சொல் தெரியும், அவ்வளவுதான். விரலை நீட்டிக் காட்டி வாங்கியிருந்தால் இரண்டு நிமிடத்தில் குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

மூன்று முறை அந்த நாட்டுக்குப் போய் இப்படி நிறைய உளறியதில் எது வேலைக்கு ஆகிறது, எது ஆகவில்லை என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது. கிளம்புவதற்கு முன் இரண்டு வாரம், தினமும் பஸ்ஸில் போகும் அரை மணி நேரம் போதும். இலக்கணப் புத்தகம் எல்லாம் வாங்க வேண்டாம்.

முதலில், இந்த மொழியிடம் ஏன் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள், எனவே போன முதல் நாளே பலகைகளை வாசிக்கலாம். தாய்லாந்து, வியட்நாம் மொழிகளைப் போல ஒரே சொல்லை ராகம் மாற்றிச் சொன்னால் பொருள் மாறும் தொல்லை இல்லை. வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது, ஆண்பால் பெண்பால் கிடையாது, பன்மை வேண்டுமென்றால் சொல்லை இரண்டு முறை சொல்லலாம்: ‘ஆனாக்’ பிள்ளை, ‘ஆனாக் ஆனாக்’ பிள்ளைகள். ஆனால் என் கணக்கில் பெரிய வசதி வேறு ஒன்று. அந்த நாட்டில் 700-க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. 1928 அக்டோபர் 28 அன்று, டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், இளைஞர்கள் கூடி உறுதிமொழி எடுத்தபோது, அதிகம் பேர் பேசிய ஜாவா மொழியை விட்டுவிட்டு, துறைமுகங்களிலும் சந்தைகளிலும் புழங்கிய மலாயைத்தான் ‘இந்தோனேசிய மொழி’ என்று பொது மொழியாக ஏற்றார்கள். ஆக, உங்களிடம் பேசும் டீக்கடைக்காரர் வீட்டில் ஜாவா மொழியோ சுண்டா மொழியோ பேசுபவராக இருப்பார், இந்த மொழியைப் பள்ளிக்கூடத்தில் கற்றிருப்பார். தானும் கற்றுக்கொண்ட மொழி என்பதால் உங்கள் தப்பு அவருக்குப் பெரிதாகப் படாது. சிரிப்பார்கள்தான், ஆனால் அது நம் வீட்டுக் குழந்தை மழலை பேசும்போது சிரிப்பது மாதிரியான சிரிப்பு.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

எல்லாப் பயணக் கையேடுகளும் ‘வணக்கம்’, ‘நன்றி’ என்று தொடங்கும். நான் உறவுமுறையில் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நாம் பிறவியிலேயே தேர்ச்சி பெற்றவர்கள். ஆங்கிலத்தில் யோசிப்பவர் ‘நீங்கள்’ என்பதற்கு என்ன சொல் என்று தேடுவார். அகராதி ‘ஆண்டா’ என்று கொடுக்கும். அது விளம்பரப் பலகையிலும் வங்கிப் படிவத்திலும் இருக்க வேண்டிய சொல், எதிரில் நிற்கும் மனிதரிடம் சொன்னால் விறைப்பாக ஒலிக்கும். ‘காமு’ என்றால் நீ, அதைப் பெரியவர்களிடம் சொல்லவே கூடாது. அப்படியென்றால் என்னதான் சொல்வது? நாம் பஸ்ஸில், காய்கறிக் கடையில் என்ன செய்கிறோமோ அதேதான். அம்மா, ஐயா, அண்ணே, அக்கா.

வயதில் பெரிய ஆணை ‘பாப்பாக்’, சுருக்கமாக ‘பாக்’. பெண்ணை ‘இபு’, சுருக்கமாக ‘பு’. ஜாவாவில் இளைஞரை ‘மாஸ்’ என்று கூப்பிட வேண்டும், அண்ணன் என்று பொருள். (ஹோட்டல் வரவேற்பறையில் நின்று ‘மாஸ்! மாஸ்!’ என்று கூப்பிடும்போது முதல் நாள் எனக்கே சிரிப்பு வந்தது, ஏதோ படத்தின் இடைவேளைக் காட்சிக்கு விசிலடிக்கிற மாதிரி.) இளம் பெண்ணுக்கு ‘ம்பாக்’. ஜகார்த்தாவிலும் சுமத்ராவின் பல இடங்களிலும் அண்ணனுக்கு ‘பாங்’. பாலியில் அண்ணன் ‘ப்லி’, அக்கா ‘ம்போக்’. சுமத்ராவின் பாடாங் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் நாடு முழுக்க இருக்கின்றன, நம் ஊரில் செட்டிநாடு ஹோட்டல் எங்கும் இருப்பது போல. அங்கே பரிமாறுபவரை ‘ஊடா’, அவர்கள் பேச்சில் அண்ணன், என்று கூப்பிட்டுப் பாருங்கள், அவர் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தது போலத் திரும்புவார். ஒன்றும் தெரியாவிட்டால் ‘காக்’. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, தப்பாகாது.

இந்தச் சொல்லை வாக்கியத்தின் வாலில் ஒட்டுங்கள். ‘எவ்வளவு?’ என்பது ‘பெராப்பா?’ அதை மட்டும் கேட்டால் காசுக்கும் பொருளுக்குமான பேச்சு. ‘பெராப்பா, பு?’ என்றால் ‘எவ்வளவும்மா?’ இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும். அவர்கள் எடுத்த எடுப்பில் உங்கள் வயதைக் கேட்டாலும் முகம் சுளிக்காதீர்கள், உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார்கள்.

இரண்டாவது, விசாரிப்புக் கேள்விகள். தெருவில் நடந்தால் முன்பின் தெரியாதவர் ‘மாவ் கெ மானா?’ என்பார். எங்கே போகிறீர்கள் என்று பொருள். வெள்ளைக்காரப் பயணிகள் இதைக் கேட்டுப் பதறுவதைப் பார்த்திருக்கிறேன், எதற்கு இவன் வேவு பார்க்கிறான் என்று. நமக்குத் தெரியும், ‘என்ன, வெளிய கிளம்பிட்டீங்களா?’ என்பதற்கு யாரும் முகவரி சொல்வதில்லை. ‘ஜாலான் ஜாலான்’ என்றால் போதும், சும்மா ஒரு நடை. ‘சுடா மாக்கான்?’ என்றால் சாப்பிட்டாச்சா? ‘சுடா’, ஆச்சு. சாப்பிடவில்லை என்றால் ‘பெலும்’.

இந்த ‘பெலும்’ தனியாகச் சொல்ல வேண்டிய சொல். ‘இன்னும் இல்லை’ என்று அர்த்தம். ‘இல்லை’ என்பதற்கு ‘திடாக்’ என்ற சொல் இருக்கிறது, ஆனால் இனிமேல் நடக்க வாய்ப்புள்ள எதற்கும் ‘திடாக்’ சொல்ல மாட்டார்கள். என் நண்பனிடம் ‘சுடா மெனிக்கா?’ என்று ஒரு பாட்டி கேட்டார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று. அவன் ‘திடாக்’ என்றான். சந்நியாசம் வாங்கிவிட்டது போல இருந்திருக்க வேண்டும், பாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு ‘பெலும், பெலும்’ என்று திருத்தினார். பாலி ஏற்கெனவே போயிருக்கிறீர்களா, துரியன் தின்றிருக்கிறீர்களா, எல்லாவற்றுக்கும் ‘பெலும்’. அதைச் சொன்ன மறு நிமிடம் ‘அப்போ போய்ப் பாருங்க, தின்னு பாருங்க’ என்று பேச்சு தானாக நீளும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, இது ஆங்கிலம் வழியாகக் கற்பவர்களுக்குத் தலைவலி, நமக்கு இலவசம். ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு அப்படியே இருக்கிறது. எதிரில் இருப்பவரையும் சேர்த்தால் ‘கித்தா’, சேர்க்காவிட்டால் ‘காமி’. (மலேசியத் தமிழர்கள் ரப்பருக்குச் சொல்லும் கித்தா வேறு, அது மலாய்ச் சொல்லான ‘கெத்தா’விலிருந்து வந்தது.) கூட்டமாகப் போனால் ‘காமி டாரி இந்தியா’, நாங்கள் இந்தியாவிலிருந்து. ‘கித்தா’ என்று சொல்லிவிட்டால் கேட்பவரையும் இந்தியர் ஆக்கிவிடுவீர்கள். இந்தியா என்றதும் ஷாருக் கான் பெயர் வரும், ‘அச்சா அச்சா’ என்று தலையை ஆட்டிக் காட்டுவார்கள். எனக்கு இந்தி தெரியாது என்று விளக்கப் பார்க்காதீர்கள், அதற்கான சொற்கள் உங்களிடம் இல்லை. கூடவே ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

ஏற்கெனவே தெரிந்த சொற்கள்

மனப்பாடம் செய்ய அலுப்பாக இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள், நமக்குப் பாதி தெரியும். ‘பஹாசா’ என்பதே பாஷைதான். கணவன் ‘சுவாமி’, மனைவி ‘இஸ்த்ரி’, ரகசியம் ‘ரஹாசியா’, பெயர் ‘நாமா’, ஆபத்து ‘பஹாயா’, அதாவது நம் பயம். காதலுக்கு ‘சிந்தா’, சிந்தைதான் அங்கே போய்க் காதலாகிவிட்டது. இதெல்லாம் வடமொழி வழி. தமிழிலிருந்தே நேராகப் போனவையும் உண்டு: கப்பல் ‘காப்பால்’, கடை ‘கெடாய்’, பெட்டி ‘பெத்தி’, திரை ‘தீராய்’, வியாபாரத்துக்குப் போடும் முதல் ‘மோடால்’. மணமக்களுக்கு ‘மெம்ப்பெலாய்’ என்பார்கள், மாப்பிள்ளைதான் அது, அங்கே மணப்பெண்ணையும் சேர்த்துக்கொண்டது. ஹோட்டலில் ‘கோலாம் ரெனாங்’ என்று பலகை இருந்தால் மாக்கோலம் தேடாதீர்கள், நீச்சல் குளம். கடலோரத்தில் வணிகம் செய்தவர்கள் விட்டுவந்த சொற்கள் இவை. சுமத்ராவின் பாருஸ் பக்கம் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. பேச்சு சுணங்கும்போது ‘காப்பால் எங்கள் சொல் தெரியுமா’ என்று எடுத்துவிட்டால் அதற்கப்புறம் ஒரு காப்பி நிச்சயம்.

கபாலம்தான் ‘கெப்பாலா’ என்று எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் இளநீர்க் கடையில் மானம் தப்பியிருக்கும்.

அதே உறவு காலையும் வாரும். ‘டோசா’ என்றால் பாவம், நம் தோஷம். ‘எங்கள் ஊரில் தினமும் காலையில் தோசை சாப்பிடுவோம்’ என்று பெருமையாகச் சொன்னால், தினமும் பாவத்தைத் தின்பதாகக் கேட்கும். நான் இதை வேண்டுமென்றே சொல்வதுண்டு, சிரிப்புக்கு உத்தரவாதம். இன்னொரு குழி: ‘இனி’ என்றால் இது, ‘இத்து’ என்றால் அது. கைக்குப் பக்கத்தில் இருக்கும் மாம்பழத்தைத் தொட்டு, நாக்குப் பழக்கத்தில் ‘இது’ என்பது போல ‘இத்து’ என்பேன், கடைக்காரர் தூரத்தில் இருக்கும் குவியலைப் பார்ப்பார். இதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வாரம் ஆனது.

உச்சரிப்பில் நம் பலம், மூக்கொலிகள். கொசு ‘ஞாமுக்’, நிறைய ‘பாஞாக்’ என்பதெல்லாம் நமக்குச் சர்க்கரைப் பொங்கல். பலவீனம், ப. பம்பரத்தில் முதல் ப ஒரு ஒலி, நடுவில் வரும் ப இன்னொரு ஒலி; நாம் ஒரே எழுத்தில் எழுதிப் பழகியதால் தமிழில் குறித்துவைத்துக் கற்றால் இரண்டும் குழம்பும். ‘பாகி’ என்ற காலைப்பொழுதுக்கு முதல் ப, மேலே சொன்ன ‘பு’, ‘பாங்’, ‘பெலும்’, ‘பெராப்பா’வின் தொடக்கம் எல்லாம் நடு ப. எனவே குறிப்பு நோட்டில் அவர்கள் எழுதும் ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எண்கள், நேரம்

எண்களைத் தவிர்க்க முடியாது, அங்கே டீ குடித்தாலே ஆயிரங்கள்தான். சத்து, டுவா, தீகா, எம்பாத், லீமா, எனாம், துஜூ, டெலாப்பான், செம்பிலான், செபுலு. பத்துக்குப் பின் ‘பெலாஸ்’, பத்துகளுக்கு ‘புலு’: லீமா பெலாஸ் 15, லீமா புலு 50. ஆயிரம் ‘ரீபு’. சந்தையில் ரீபுவை விழுங்கிவிட்டு ‘டுவா லீமா’ என்பார்கள், 25 ரூப்பியா இல்லை, 25,000. பேரம் பேச ‘பிசா குராங், பு?’, குறைக்க முடியுமாம்மா? சிரித்துக்கொண்டே ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. சாப்பாட்டுக் கடையில் பேரம் பேச வேண்டாம், அசிங்கம்.

நேரத்தில்தான் நான் அடி வாங்கினேன். ‘செத்தெஙா’ என்றால் பாதி, அரை. பஸ் ‘செத்தெஙா தீகா’ என்றார் டிக்கெட் கொடுத்தவர். தீகா மூன்று, அரை, ஆகவே மூன்றரை என்று நானே கணக்குப் போட்டு, சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு மூன்றேகாலுக்கு வந்தேன். வண்டி போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவர்கள் கணக்கில் அது மூன்றை நோக்கிப் போகும் அரை, அதாவது இரண்டரை. டிக்கெட் கொடுத்தவர்மேல் தப்பே இல்லை. நேரம் சொன்னால் போனில் காட்டச் சொல்லி உறுதிசெய்யுங்கள், இதில் மட்டும் மொழி வீரம் வேண்டாம்.

ஷேர் வேனில் இறங்க ஒரே சொல், ‘கீரி, பாங்!’ கீரி என்றால் இடது பக்கம். ஓரமாக நிறுத்துங்கண்ணே என்று அர்த்தம். செயலியில் பைக் டாக்சி பதிவு செய்தால் ஓட்டுநர் ‘செசுவாய் தீதிக், யா?’ என்று செய்தி அனுப்புவார், வரைபடத்தில் குத்திய இடத்தில்தானே என்று கேட்கிறார். ‘ஈயா, பாக்’ என்று போட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

சைவக்காரர்களுக்கு

‘சாயா வெஜிட்டேரியன்’ என்று சொன்னால் புரியும், ஆனால் புரிந்தது என்ன என்பதுதான் சிக்கல். ‘டாகிங்’ சாப்பிட மாட்டேன் என்றால் பலர் மாட்டிறைச்சி வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு கோழி வைத்துவிடுவார்கள். பெயர் பெயராகச் சொல்ல வேண்டும்: “சாயா திடாக் மாக்கான் டாகிங், ஆயாம், ஈக்கான், ஊடாங்.” இறைச்சி, கோழி, மீன், இறால். அப்புறம் மறக்காமல் ‘தான்ப்பா தெராசி’, தெராசி இல்லாமல். தெராசி என்பது இறாலை நொதிக்கவைத்து அரைத்த விழுது, ‘சம்பால்’ என்ற மிளகாய்ச் சட்னியில் முன்பே கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காய்கறிமேல் வேர்க்கடலைச் சாறு ஊற்றும் காடோ காடோவில்கூட முட்டையும் இறால் அப்பளமும் வரலாம். ‘தாஹு’, ‘தெம்ப்பே’ இரண்டும் சோயா, பயமின்றிச் சாப்பிடலாம். இவ்வளவும் சொன்ன பிறகு ‘ஏன் சாப்பிட மாட்டீங்க?’ என்று கேட்பார்கள், பதிலுக்கு அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில் இருப்பதும் தெருவில் கேட்பதும் வேறாக இருக்கும். எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் வித்தியாசத்தில் வளர்ந்த நமக்கு இது அதிர்ச்சியே இல்லை. ‘திடாக்’ பேச்சில் ‘எங்கா’ ஆகும், ‘சுடா’ ‘உடா’ ஆகும், ‘த்ரிமா காசி’ என்ற நன்றி ‘மாக்காசி’ ஆகும். பரவாயில்லை என்பதற்கு ‘எங்கா ஆப்பா ஆப்பா’, ஒரு நாளைக்கு இருபது முறை உதவும். ஆனால் பேசும்போது நீங்கள் புத்தக வடிவத்திலேயே தொடங்குங்கள், காதுக்குத்தான் பேச்சு வடிவம். ஜகார்த்தாப் பையன்கள் தங்களுக்குள் ‘நான்’ என்பதற்குச் சொல்லும் ‘குவே’யைப் பிடித்துக்கொண்டு வந்து ஒரு பெரியவரிடம் சொல்லாதீர்கள்.

நாலு வாக்கியம் சரியாகச் சொன்னதும் ‘வா, பிந்தார்!’, அடடா, கெட்டிக்காரர், என்று பாராட்டிவிட்டு மடை திறந்த மாதிரி பேசத் தொடங்குவார்கள். அங்கேதான் பலர் போனை எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியைத் திறக்கிறார்கள், பேச்சும் அங்கேயே செத்துவிடுகிறது, இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பதில் மூன்று சொல் போதும்: ‘பெலான் பெலான்’, மெதுவாக. ‘செக்காலி லாகி’, இன்னொரு முறை. ‘இனி நாமாஞா ஆப்பா?’, இதன் பெயர் என்ன? மூன்றாவது மந்திரம் மாதிரி. கடையில் கிடக்கும் ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்கலாம், எல்லோருக்கும் வாத்தியார் ஆக ஆசை. செயலியை மருத்துவமனைக்கும் போலீஸ் விவகாரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அரைகுறை மொழி ஆபத்து.

உள்ளூர் மொழியில் ஒரே ஒரு சொல் தெரிந்தாலும் தனி மரியாதை. ஜாவாவில் நன்றிக்கு ‘மாத்துர் நுவுன்’, பாலியில் ‘சுக்ஸ்மா’. சுண்டா மொழி பேசும் பாண்டுங் பக்கம் யாரையாவது தாண்டிப் போகும்போது ‘புந்தென்’ என்றால் ‘மங்கா’ என்பார்கள், போங்க போங்க என்று. இந்தோனேசிய மொழியில் அதே ‘மங்கா’ மாம்பழம், நம் மாங்காய். மற்ற ஊர்களில் ‘பெர்மிசி’. உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்கும்போது வலது கையைத் தாழ நீட்டி லேசாகக் குனிந்து போக வேண்டும். சொல்லைவிட அந்தக் குனிவைத்தான் பார்ப்பார்கள்.

மலேசியாவிலும் இதே மொழிதானே, அங்கேயும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் கொஞ்சம் நில்லுங்கள். இந்தோனேசியாவில் ‘கெரேத்தா’ ரயில், மலேசியாவில் கார். இங்கே ‘பிசா’ என்றால் முடியும், அங்கே நஞ்சு. இங்கே தேவை என்பதற்குச் சொல்லும் ‘பூத்து’வை அங்கே நாலு பேர் நடுவில் சொல்லிவிடாதீர்கள், காரணத்தை மலேசிய நண்பர் யாரிடமாவது தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, விடைபெறுவது. தங்கிய வீட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு ‘பை’ என்று கையாட்டிவிட்டுப் போகாதீர்கள். ‘பாமித் டுலு, பு’ என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். நம் ‘போயிட்டு வரேம்மா’தான் அது. ‘ஹாத்தி ஹாத்தி’ என்பார்கள், பத்திரம் என்று. பாதிப் பேர் அதோடு விடமாட்டார்கள், வழிக்கு என்று வாழைப்பழ வறுவலோ கடலையோ ஒரு பொட்டலம் கையில் திணிப்பார்கள். பையில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.